ஸ்டிக்கரில் 23, சாலையில் 18: புதிய பிக்கப்பின் மைலேஜ் எங்கே போகிறது?

அமெரிக்காவில் புதிதாக நடுத்தர அளவு பிக்கப் வாங்கியவர்கள், முதல் இரண்டு மூன்று டாங்க் பெட்ரோல் தீர்ந்ததும் ஒரே கேள்விக்கு வந்து சேர்கிறார்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் கேலனுக்கு 23 மைல் என்றது. கைக்கு வருவது 18. வண்டியில் கோளாறா, அல்லது ஸ்டிக்கர் பொய்யா? 2024 மாடலாக டொயோட்டா டகோமா அடியோடு மாறி வந்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் வலுத்திருக்கிறது. பழைய டகோமாவில் இருந்த 3.5 லிட்டர் வி6 (ஆறு சிலிண்டர்) எஞ்சின் போய், 2.4 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சின் வந்துவிட்டது. ஃபோர்டு ரேஞ்சர் 2019-இல் 2.3 லிட்டர் டர்போவுடன் அமெரிக்கச் சந்தைக்குத் திரும்பியது. செவர்லே கொலராடோ 2023-இல் வி6-ஐ விட்டு 2.7 லிட்டர் டர்போவுக்கு மாறியது. எஞ்சின் சிறுத்தால் மைலேஜ் கூடத்தானே வேண்டும் என்று வாங்குபவர் எதிர்பார்ப்பது இயல்பு.

பெரும்பாலான வண்டிகளில் கோளாறும் இல்லை, ஸ்டிக்கரில் பொய்யும் இல்லை. ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு ஒப்பிடுவதற்காக உருவாக்கப்பட்ட எண்ணை, தன் சாலையில் தனக்குக் கிடைக்கப்போகும் அளவு என்று படிப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. அந்த இடைவெளி மற்ற கார்களைவிடப் பிக்கப்பில் பெரிதாகத் தெரிவதற்கு அதன் உருவமே முதற்காரணம்.

அலகுகளை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். அமெரிக்க கேலன் என்பது 3.785 லிட்டர், மைல் என்பது 1.609 கிலோமீட்டர். ஆகவே கேலனுக்கு 23 மைல் என்பது லிட்டருக்குச் சுமார் 9.8 கி.மீ.; 18 மைல் என்பது சுமார் 7.7 கி.மீ. இனி வரும் மைலேஜ் எண்கள் எல்லாம், வேறு குறிப்பு இல்லாவிட்டால், அமெரிக்க கேலனுக்கு எத்தனை மைல் என்பதையே குறிக்கும்.

ஸ்டிக்கர் எண் எப்படிப் பிறக்கிறது?

ஸ்டிக்கரில் உள்ள எண் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ. வகுத்த முறைப்படி கிடைப்பது. பெரும்பாலான சோதனைகளை வாகன நிறுவனங்களே நடத்துகின்றன. மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் உள்ள தன் ஆய்வகத்தில் இ.பி.ஏ. ஒரு பகுதியை மட்டும், ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காட்டை, தானே சரிபார்க்கிறது.

சோதனையில் வண்டி சாலையில் ஓடுவதே இல்லை. டைனமோமீட்டர் எனப்படும் உருளையின் மேல் சக்கரங்கள் சுழல்கின்றன. முன்னால் ஒரு பெரிய மின்விசிறி எஞ்சினுக்குக் காற்றடிக்கிறது. ஓட்டுநர் எதிரில் உள்ள திரையில் ஒரு கோடு ஏறி இறங்கிக்கொண்டே போகும். மணிக்கு 2 மைலுக்கு மேல் விலகாமல் அந்தக் கோட்டின் வேகத்தைப் பின்தொடர்வதுதான் அவர் வேலை. செலவான பெட்ரோலை டாங்கில் அளப்பதில்லை. புகைக்குழாயிலிருந்து வெளிவரும் வாயுவைச் சேகரித்து, அதிலுள்ள கார்பனைக் கணக்கிட்டு, எரிந்த பெட்ரோலின் அளவைக் கண்டுபிடிக்கிறார்கள்.

2008 மாடல் ஆண்டு முதல் ஸ்டிக்கர் கணக்குக்கு ஐந்து ஓட்டங்கள் அடிப்படை:

1. நகர ஓட்டம். தூரம் சுமார் 11 மைல், சராசரி வேகம் மணிக்கு 21 மைல், அடிக்கடி நிறுத்தம்.
2. நெடுஞ்சாலை ஓட்டம். சுமார் 10 மைல், சராசரி 48 மைல், உச்ச வேகம் 60 மைல்.
3. வேக ஓட்டம். கடுமையாக முடுக்கி, ஓரிடத்தில் 80 மைல் வரை தொடுவது.
4. வெயில் ஓட்டம். 95 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 35 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஏ.சி. போட்டு ஓட்டுவது.
5. குளிர் ஓட்டம். நகர ஓட்டத்தையே 20 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது பூச்சியத்துக்குக் கீழே சுமார் 7 டிகிரி செல்சியஸில் ஓட்டுவது.

ஒவ்வொரு வண்டிக்கும் ஐந்தையும் ஓட்டியாக வேண்டும் என்பதில்லை. முதல் இரண்டின் முடிவிலிருந்து, வகுக்கப்பட்ட சூத்திரத்தின் மூலம் மற்றவற்றின் விளைவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. கடைசியில் நகரத்துக்கு 55 விழுக்காடும் நெடுஞ்சாலைக்கு 45 விழுக்காடும் எடை கொடுத்துக் கூட்டு எண் எடுக்கப்படுகிறது.

உருளை மேல் நிற்கும் வண்டியைக் காற்று எதிர்ப்பதில்லை. அப்படியானால் காற்றின் எதிர்ப்பு கணக்கில் எப்படி வருகிறது? இதற்காகத் தனியாக ஒரு சோதனை இருக்கிறது. கோஸ்ட்டவுன் என்று பெயர். சமதளமான நீண்ட ஓடுபாதையில் வண்டியை மணிக்குச் சுமார் 115 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுபோய், கியரை நியூட்ரலுக்கு மாற்றி, தானாக உருண்டு வேகம் குறைய விடுவார்கள். வேகம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதிலிருந்து காற்று, டயர், பேரிங் எல்லாம் சேர்ந்து வண்டியை எவ்வளவு பின்னுக்கு இழுக்கின்றன என்பது தெரியும். அந்த அளவையே உருளைக்கு ஊட்டுகிறார்கள்.

இந்த ஒரு சோதனையில் பிழை விழுந்தால் மேலே கட்டியது எல்லாம் சாயும். 2012 நவம்பரில் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் பல மாடல்களின் ஸ்டிக்கர் எண்ணைக் குறைக்க நேர்ந்தது கோஸ்ட்டவுன் கணக்கில் ஏற்பட்ட தவறுகளால்தான். 2014-இல் 10 கோடி டாலர் அபராதத்துடன் அந்த விவகாரம் முடிந்தது. நடுத்தர பிக்கப் ஒன்றும் இதே கேள்விக்கு உள்ளானது. 2019 ரேஞ்சரின் சாலை எதிர்ப்புக் கணக்கைக் குறித்து ஊழியர்களே கவலை எழுப்பியதாகவும், அதை வெளியாரைக் கொண்டு ஆராய்வதாகவும் 2019 பிப்ரவரியில் ஃபோர்டு அறிவித்தது. அமெரிக்க நீதித்துறை தொடங்கிய விசாரணை நடவடிக்கை ஏதுமின்றி முடிந்தது. வாங்கியவர்கள் தொடுத்த வழக்கை, மாநிலச் சட்டத்தின் கீழ் வைக்கப்பட்ட அந்தக் கோரிக்கைகள் கூட்டாட்சி விதிகளோடு முரண்படுகின்றன என்ற அடிப்படையில் கீழ் நீதிமன்றம் தள்ளியதை, 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது.

ஒரே எண்ணின் கீழ் பல வண்டிகள்

ஒரே எஞ்சின், ஒரே கியர்பெட்டி, ஒரே இயக்க முறை கொண்ட பல ரகங்கள் பெரும்பாலும் ஒரே ஸ்டிக்கர் எண்ணைப் பகிர்கின்றன. விளம்பரத்தில் முன்னால் நிற்பதோ அந்த மாடலிலேயே மிகச் சிக்கனமான ரகத்தின் எண். புதிய டகோமாவுக்குப் பரவலாகச் சொல்லப்படும் நகரம் 21, நெடுஞ்சாலை 26, கூட்டு 23 என்பது இருசக்கர இயக்க ரகத்துக்கு உரியது. நான்கு சக்கர இயக்கமும் முரட்டு டயரும் சேர்ந்த ரகத்தை வாங்கிக்கொண்டு 23-ஐ எதிர்பார்ப்பவர், தன் வண்டிக்குச் சொல்லப்படாத எண்ணோடு தன் வண்டியை ஒப்பிடுகிறார். ஏமாற்றத்தில் இரண்டு மூன்று மைல் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். எனவே தன் வண்டியின் கண்ணாடியில் ஒட்டிவந்த தாளை எடுத்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

எண்கள் முழு எண்ணாக்கப்பட்டவை என்பதும் நினைவில் இருக்க வேண்டும். 20.5-ம் 21.4-ம் தாளில் 21 என்றே தோன்றும். இரண்டுக்கும் இடையே 4 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு உண்டு.

காற்று என்னும் பெரிய செலவு

பிக்கப்பின் முகம் செங்குத்தானது, அடிப்பகுதி தரையிலிருந்து உயர்ந்தது, கேபினுக்குப் பின்னால் திறந்த பெட்டி. காற்றைப் பொறுத்தவரை இது தள்ளிக்கொண்டு போகும் ஒரு சுவர். காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. அதை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் கனமாக ஏறுகிறது. வேகத்தைக் கால் பங்கு கூட்டினால் காற்றுக்குச் செலவிடும் திறன் ஏறத்தாழ இரு மடங்காகும்.

கணக்குக்காக ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம்: எடை 2,100 கிலோ, காற்றெதிர்ப்புக் கெழுவையும் முகப்பரப்பையும் பெருக்கினால் 1.3 சதுர மீட்டர். நடுத்தர பிக்கப்புக்கு இவை பொருத்தமான அனுமானங்கள். மணிக்கு 60 மைலில் காற்றை வெல்ல மட்டும் சுமார் 15 கிலோவாட் வேண்டும். 75 மைலில் 29 கிலோவாட். டயர் உருள்வதற்கான செலவையும் சேர்த்தால் மொத்தம் 21 கிலோவாட்டிலிருந்து 37 கிலோவாட்டுக்கு ஏறுகிறது. விரைவாகப் போனால் சீக்கிரம் போய்ச் சேரலாம் என்பதையும் கணக்கில் எடுத்து மைலுக்கு எவ்வளவு ஆற்றல் என்று பார்த்தால், 75-இல் ஆகும் செலவு 60-இல் ஆவதைப்போல 1.4 மடங்கு. 60 மைலில் கேலனுக்கு 28 கொடுக்கும் வண்டி 75 மைலில் 20, 21-க்கு இறங்குவது இப்படித்தான்.

இதை மேலே சொன்ன சோதனை ஓட்டங்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலை ஓட்டத்தின் உச்ச வேகமே 60 மைல். 80 மைலைத் தொடும் ஓட்டத்திலும் அந்த வேகம் சில விநாடிகளே நீடிக்கிறது. மேற்கு மாநிலங்களின் நெடுஞ்சாலைகளில் 75, 80 மைல் வேகத்தை மணிக்கணக்கில் ஒரே சீராகப் பிடித்து ஓட்டுபவரின் நிலைமை ஸ்டிக்கரில் இல்லை. உருவம் ஒடுங்கிய செடான் காரில் இந்த வேறுபாடு பொறுத்துக்கொள்ளும் அளவில் இருக்கும். பிக்கப்பில் பையைக் கடிக்கும்.

கூரையில் ஏற்றும் பெட்டி இதை இன்னும் மோசமாக்கும். 65 முதல் 75 மைல் வேகத்தில் கூரைப்பெட்டி ஒன்று மைலேஜை 10 முதல் 25 விழுக்காடு வரை குறைக்கலாம் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையும் இ.பி.ஏ.வும் தரும் அளவு. கூரைக் கூடாரத்தை வாரக்கடைசி முகாமுக்காகப் பொருத்திவிட்டு ஆண்டு முழுவதும் சுமந்து திரிபவர்கள் அந்தப் பெட்ரோலை வீணாகவே எரிக்கிறார்கள். வண்டியை உயர்த்தும் கிட், கூரைத் தாங்கி, விளக்குப் பட்டை ஆகிய எல்லாவற்றுக்கும் இதே விதி. டகோமாவின் சில ரகங்களில் பம்பருக்குக் கீழே காற்றைத் திருப்பும் ஒரு தடுப்பு கழற்றும்படி வருகிறது. மண்சாலைக்காகக் கழற்றியவர் நெடுஞ்சாலைக்கு முன் அதைத் திரும்ப மாட்டிவிடுவது நல்லது.

பின்கதவை இறக்கிவிட்டு ஓட்டினால் காற்று தங்காது, மைலேஜ் கூடும் என்ற நம்பிக்கை பல தலைமுறையாக இருக்கிறது, அது தவறு. பின்கதவு மூடியிருக்கும்போது பெட்டிக்குள் காற்று ஒரு சுழலாகத் தங்கிவிடுகிறது; மேலே வரும் காற்று அந்தச் சுழலின் மீது வழுக்கிக்கொண்டு போகிறது. கதவை இறக்கினால் சுழல் குலைந்து எதிர்ப்பு கூடுகிறது.

சிறிய டர்போ எஞ்சினின் சுபாவம்

பெரிய எஞ்சின் இலேசான சுமையில் ஓடும்போது வீணாக்குவது அதிகம். காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாதி மூடியிருக்கும்போது அதன் வழியாகக் காற்றை உறிஞ்சுவதற்கே அது ஆற்றலைச் செலவிடுகிறது. எஞ்சினைச் சிறிதாக்கினால் அந்த வீண் குறையும். கூடுதல் சக்தி தேவைப்படும்போது மட்டும் டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். சிறிய டர்போவின் சிக்கனம் இலேசான சுமைக்கு உரியது என்பதுதான் இதன் பொருள்.

சுமை ஏறும்போது கதை மாறுகிறது. அழுத்தப்பட்ட காற்று சூடாகிறது. சிலிண்டருக்குள் கலவை நேரத்துக்கு முன்பே வெடிக்கும் அபாயம் எழுகிறது. அதைத் தவிர்க்க எஞ்சின் கணினி பொறி விழும் நேரத்தைத் தாமதப்படுத்துகிறது. வெப்பம் எல்லை தாண்டும் நிலை வந்தால் உறுப்புகளைக் காப்பாற்றக் கூடுதல் பெட்ரோலையும் ஊற்றக்கூடும். இரண்டுமே சிக்கனத்துக்கு எதிரானவை. மலையேற்றம், எதிர்க்காற்று, 80 மைல் வேகம், பின்னால் டிரெய்லர் ஆகிய இடங்களில் எல்லாம் சிறிய டர்போ பழைய வி6-ஐவிடச் சிக்கனமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. காற்றைத் தடுக்கும் உயரமான டிரெய்லரை நெடுஞ்சாலையில் இழுத்தால், எந்த எஞ்சினாக இருந்தாலும் மைலேஜ் ஏறத்தாழ பாதியாகும் என்றே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நான்கு சக்கர இயக்கமும் ஆட்டோமேட்டிக் கியரும் கொண்ட பழைய வி6 டகோமாவின் கூட்டு எண் 20. புதியதில் அதற்கு இணையான ரகம் ஸ்டிக்கரிலேயே அதைவிட ஓரிரு மைல்தான் முன்னேறியிருக்கிறது. பழைய வி6-இன் உச்ச சக்தி 278 குதிரைத்திறன். புதிய டர்போவின் வழக்கமான ரகத்துக்கும் அதே 278. கூடியது முறுக்குவிசை: 265 பவுண்டு-அடியிலிருந்து 317-க்கு. தொழில்நுட்பம் தந்த லாபத்தில் கணிசமான பங்கு இழுவைக்கும் கூடிய எடைக்கும் போயிருக்கிறது என்பதே என் மதிப்பீடு. மைலேஜ் ஒன்றுக்காகவே பழைய வி6-ஐக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்குவதில் நியாயம் இல்லை.

ஹைபிரிட் என்றால் தீர்வா?

டகோமாவின் ஹைபிரிட் ரகம் 326 குதிரைத்திறனும் 465 பவுண்டு-அடி முறுக்குவிசையும் தருகிறது. 48 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று எஞ்சினோடு சேர்ந்து இயங்குகிறது. பேட்டரியின் கொள்ளளவு 1.87 கிலோவாட்-மணி. அதன் எண்களை வரிசையாகப் பார்த்தாலே நோக்கம் புரியும்: நகரம் 23, நெடுஞ்சாலை 24, கூட்டு 23. நகரத்தில், பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலைப் பேட்டரி திரும்பப் பிடிக்கிறது; அங்கே லாபம் உண்டு. நெடுஞ்சாலையில் பிரேக்கே போடாதபோது பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. பேட்டரியும் மோட்டாரும் சுமக்க வேண்டிய எடையாகின்றன. அமைப்பு சக்திக்காக வகுக்கப்பட்டது. டொயோட்டாவின் சிக்கன ஹைபிரிட்டான ப்ரியஸ் போன்ற காரின் நினைப்பில் இதை வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

குளிர், குறுந்தூரம், டயர்

மிச்சிகனிலோ மினசோட்டாவிலோ ஜனவரி மாதக் காலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அலுவலகம் 4 மைல் தூரம். போய்வர 8 மைல். வழக்கமாக 20 தரும் வண்டிக்கு இதற்கு 0.4 கேலன் போதும். ஆனால் உறைந்த கண்ணாடி தெளிவதற்காகக் காலையில் 10 நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி வைத்தால், மணிக்கு 0.4 கேலன் என்ற அளவில் சுமார் 0.07 கேலன் ஓர் அடிகூட நகராமலே எரிந்துவிடும். அன்றைய மைலேஜ் 20-இலிருந்து 17-க்கு வந்துவிட்டது. குளிரின் மற்ற விளைவுகளை இந்தக் கணக்கில் இன்னும் சேர்க்கவில்லை.

அவையும் சிறியவை அல்ல. எஞ்சின் சூடாகும்வரை கலவையில் பெட்ரோல் கூடுதலாகவே போகும். எஞ்சின், கியர்பெட்டி, நான்கு சக்கர இயக்கத்தின் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்பின் டிஃபரன்ஷியல் என்று பிக்கப்பில் எண்ணெய் நிரம்பிய பெட்டிகள் பல. குளிரில் எல்லா எண்ணெயும் கெட்டிப்படும். பூச்சியத்துக்குக் கீழே 7 டிகிரியில் காற்றின் அடர்த்தி, 25 டிகிரியில் இருப்பதைவிடச் சுமார் 12 விழுக்காடு கூடுதல்; நெடுஞ்சாலையில் காற்றெதிர்ப்பும் அதே அளவு கூடும். சாதாரண பெட்ரோல் காருக்கு நகர மைலேஜ் இந்தக் குளிரில் ஏறத்தாழ 15 விழுக்காடு குறையும். மூன்று நான்கு மைல் குறுந்தூர ஓட்டத்தில் 24 விழுக்காடு வரையும், ஹைபிரிட்டில் 30 விழுக்காட்டுக்கு மேலும் குறையலாம் என்பது எரிசக்தித் துறையின் கணக்கு. அக்டோபரில் வண்டி வாங்கி, முதல் நான்கு மாதத்தை வைத்து அதற்குத் தீர்ப்பு எழுதுவது அவசரம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம்:

1. புதிய எஞ்சின் படிவதற்கு 3,000 முதல் 5,000 மைல் வரை ஆகலாம். அதற்கு முன் கிடைக்கும் எண் முடிவானது அல்ல.
2. 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் ஆற்றல் குறைவு. மைலேஜ் சுமார் 3 விழுக்காடு குறையும்.
3. நான்கு டயர்களிலும் காற்றழுத்தம் சராசரியாக 1 பி.எஸ்.ஐ. குறைந்தால் இழப்பு 0.2 விழுக்காடுதான். ஆனால் வெப்பநிலை 10 டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கும்போதெல்லாம் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. தானாகவே குறையும் என்பதால் குளிர்காலத்தில் அடிக்கடி பார்க்க வேண்டும்.
4. ஆழமான பள்ளங்கள் கொண்ட மண்சாலை டயர் எடையும் உருள் எதிர்ப்பும் கூடியது. தோற்றத்துக்காக மாட்டுபவர் மாதந்தோறும் பெட்ரோலில் விலை கொடுப்பார்.

எம்.பி.ஜி. என்னும் அளவே ஏமாற்றும்

கேலனுக்கு எத்தனை மைல் என்று எண்ணும் வழக்கம் செலவை மறைக்கிறது. ஆண்டுக்கு 15,000 மைல் ஓட்டுபவருக்கு 18 என்றால் 833 கேலன் வேண்டும், 21 என்றால் 714. மிச்சம் 119 கேலன். ஒரு சிறிய காரில் 30-இலிருந்து 35-க்குப் போனால் 500 கேலன் 429 ஆகிறது. மிச்சம் 71 மட்டுமே. பார்வைக்கு 5 மைல் முன்னேற்றம் பெரிதாகவும் 3 மைல் சிறிதாகவும் தோன்றும். கைக்காசு எதிர்மாறாகச் சொல்கிறது. மைலேஜ் குறைந்த வண்டியில் ஒவ்வொரு மைலும் விலைமதிப்புள்ளது. பிக்கப் வைத்திருப்பவர்தான் ஓரிரு மைலைப் பற்றி மிகவும் அக்கறைப்பட வேண்டியவர். 2013 மாடல் முதல் ஸ்டிக்கரில் 100 மைலுக்கு எத்தனை கேலன் என்ற எண்ணும் அச்சாகிறது; எழுத்து சிறிதாக இருப்பதால் பலர் அதைக் கவனிப்பதில்லை. ஒப்பிடுவதற்கு அதுவே நேர்மையான எண்.

சரியாக அளப்பது எப்படி?

டாஷ்போர்டில் தெரியும் மைலேஜ், எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் திறந்திருந்த நேரத்தை வைத்துக் கணினி போடும் மதிப்பீடு. அது உண்மையைவிடச் சில விழுக்காடு கூட்டிக் காட்டுவது சாதாரணம். காகிதத்தில் கணக்கிடுவதே நம்பத்தக்கது. அதிலும் ஒரு கண்ணி உண்டு. பங்க்கில் நாசில் முதல்முறை தானாக நிற்கும் இடம் ஒவ்வொரு பம்பிலும், தரையின் சாய்வுக்கு ஏற்பவும் மாறும். 300 மைலுக்கு 15 கேலன் பிடித்தால் மைலேஜ் 20. அரை கேலன் கூடப் பிடித்தால் 19.4, அரை கேலன் குறையப் பிடித்தால் 20.7. ஓட்டிய விதம் ஒன்றே, எண் மட்டும் மூன்று. அதனால் ஒரே பம்பில், முதல் நிறுத்தத்தோடு நிறுத்தி, குறைந்தது ஐந்தாறு டாங்க் எழுதிவைக்க வேண்டும். மைல்களை எல்லாம் கூட்டி, கேலன்களை எல்லாம் கூட்டி, ஒரே முறை வகுக்க வேண்டும். ஒரு டாங்கில் 12 கேலனுக்கு 300 மைல், அடுத்ததில் 15 கேலனுக்கு 240 மைல் என்றால், 25-க்கும் 16-க்கும் சராசரி எடுத்து 20.5 என்பது தவறு. 540-ஐ 27-ஆல் வகுத்து வரும் 20 தான் சரி.

டயர் மாற்றியவர்களுக்கு மேலும் ஒரு திருத்தம் வேண்டும். 265/70 அளவு 17 அங்குல டயரை எடுத்துவிட்டு 285/70 மாட்டினால் விட்டம் 31.6 அங்குலத்திலிருந்து 32.7-க்கு ஏறுகிறது. சக்கரம் ஒருமுறை சுற்றும்போது வண்டி 3.5 விழுக்காடு கூடுதல் தூரம் போகிறது; ஓடோமீட்டருக்கு அது தெரியாது. 18 என்று கணக்கு வந்தால் உண்மையில் 18.6. பெரிய டயர் மைலேஜைக் குறைப்பது உண்மைதான். காகிதத்தில் தெரியும் அளவுக்கு அது குறைப்பதில்லை.

இவ்வளவும் செய்த பிறகு, 5,000 மைல் தாண்டிய வண்டி, காற்றில்லாத வெப்பமான நாளில், சமதளச் சாலையில், காலிப் பெட்டியோடு, 60 மைல் வேகத்தில் ஓடியும் தன் ரகத்தின் நெடுஞ்சாலை எண்ணைவிட 20 விழுக்காடு குறைவாகக் கொடுத்தால் அப்போது சந்தேகத்துக்கு இடம் உண்டு. ஓட்டி முடித்து நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் தொடாமல் கையை வைத்துப் பார்க்கலாம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகக் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது சரியாக இருந்தால் சக்கர அலைன்மென்ட், ஆக்சிஜன் சென்சார், தெர்மோஸ்டாட் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லி, எழுதிவைத்த டாங்க் கணக்கோடு சர்வீஸ் சென்டருக்குப் போகலாம்.